ஒருநாள் சீட்டு

புழுக்களை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டுமாம்.
சொன்ன கடைக்காரர் முகத்தில் சிரிப்பில்லை.
தோசைமாவுக்கும் தயிருக்கும் நடுவே
இரவு முழுக்க
அந்த வெள்ளை டப்பா நெளிந்துகொண்டிருந்தது.
நான் கதவைத் திறக்கவேயில்லை.
காலையில் பால் விடாத காப்பி.

ஸ்லவ் கால்வாய் எங்கும் போவதில்லை.
ஐந்து மைல் நேராக வந்து
ஒரு சிமெண்ட் கடைக்குப் பின்னால் நின்றுவிடுகிறது,
சொல்ல வந்ததை மறந்தவர் மாதிரி.
அங்கே, பாதி மூழ்கிய ட்ராலிக்குப் பக்கத்தில்
எங்கள் இடம்.

இளவேனில். வயது ஐந்தே முக்கால்.
பள்ளியில் அவளை 'எல்லா' என்கிறார்கள்.
அவள் மறுப்பதில்லை.
பதின்மூன்று ஆகாதவர்களுக்கு இங்கே
மீன்பிடிக்க உரிமம் தேவையில்லை.
எனக்குத் தேவை. என்னிடம் இல்லை.
கால்வாய்க்கு ஒருநாள் சீட்டு மட்டும் அவள் பெயரில்.
ஆக, தூண்டில் சட்டப்படி அவளுடையது,
எனக்கு வாளியும் பயமும்.
ஒன்பது வருடம் படிவம் படிவமாய் நிரப்பி
நான் நின்ற வரிசைகளை நினைத்துக்கொண்டேன்.
அவள் எங்கும் கையெழுத்திடாமல்
நூலைத் தண்ணீருக்குள் விட்டாள்.

சிவப்புத் தக்கை.
மூன்று நிமிடம் அதைப் பார்த்தாள்.
பிறகு வாத்து. பிறகு பிஸ்கட். பிறகு ஒன்றுக்கு.
பிறகு ஒரு புழுவுக்குப் பெயர் வைத்தாள்,
மிஸ்டர் ஹாலோவே, அவள் தலைமையாசிரியர்.
பெயர் வைத்த பிறகு முள்ளில் கோக்கக் கூடாதாம்.
அவரை மட்டுமல்ல, அவர் குடும்பத்தையும்.
டின்னைத் திறந்து சோளமணிக்கு மாறினோம்.
ஒடுங்கிய படகொன்று உரசாமல் கடந்தது.
சுக்கான் பிடித்திருந்த பெண் கேட்டாள்,
ஏதாவது மாட்டியதா?
"ஒரு வாத்து பார்த்தோம்" என்றாள் என் மகள், பெருமையாக.

தக்கை போய்விட்டது.
துள்ளவில்லை, இழுக்கவில்லை.
கீழிருந்து யாரோ விளக்கை அணைத்தது போல.
"அம்மா, புடி!"
நான் பிடிக்கக் கூடாது.
இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு
கத்தினேன். தூக்கு. தூக்குடி. ஐயோ, மெல்ல.

உள்ளங்கை நீளம்.
ரோச் என்று பிறகு ஃபோன் சொன்னது.
சிவந்த துடுப்பு, சிவந்த கண்,
அழுது முடித்தது போல.
வஞ்சிரம், சங்கரா, நெத்திலி
எத்தனை ஆய்ந்திருக்கிறேன்.
செவுளைத் தூக்கிச் சிவப்புப் பார்த்துத்தான் பேரம்.
அந்தச் செவுள் திறந்து மூடும் என்று
இன்றுதான் பார்க்கிறேன்.

வெக்ஸம் மருத்துவமனையில் ரத்தம் எடுப்பது என் வேலை.
ஒரு நாளைக்கு நாற்பது கைகள்.
ஒளிந்துகொள்ளும் நரம்பையும் விரல்நுனி கண்டுபிடிக்கும்.
இந்த உதட்டில் முள் எங்கே முடிகிறது
தெரியவில்லை.
நடுங்கியது மீனா நானா
அதுவும் தெரியவில்லை.

அவள் பக்கத்தில் குந்தினாள்.
மீனுக்குக் காது இருக்கும் என்று நினைத்த இடத்தில்
வாயை வைத்து,
"கொஞ்சமா சுருக்குங்கும். வேற எங்கயாச்சும் பாத்துக்கோ."

லீவில் ஒருநாள் என் அறை வாசலில்
யானைக்கு ஊதா வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள்.
கேட்டிருக்கிறாள்.
அங்கே நான் அதை ஆங்கிலத்தில் சொல்வேன்.
மீனுக்கு அவள் தமிழில் சொன்னாள்.

முள் வந்துவிட்டது.

கையை நனைத்துக்கொண்டு தண்ணீருக்குள் வைத்தோம்.
உடனே போகவில்லை அது.
என் விரல்களுக்கு நடுவே
யோசிப்பது போல நின்றது.
பிறகு விரல்கள் மட்டும்.
"போய் அதோட அம்மாகிட்ட சொல்லுமா?"
என்னன்னு?
"சோளம் நல்லாருந்துச்சுன்னு."

வேறொன்றும் மாட்டவில்லை. மழை வந்தது.
டப்பாவைக் கார் சீட்டுக்கு அடியில் மறந்துவிட்டோம்.
பத்து நாள் கழித்து, பணிக்குப் போகும் அவசரத்தில்
கதவைத் திறந்தால்
முகமெங்கும் ஈக்கள்.
நான் அலறினேன்.
அவள் பள்ளிப் பையோடு நின்று
ஒவ்வொன்றுக்கும் கையசைத்தாள்,
மிஸ்டர் ஹாலோவே எது என்று தெரியாததால்.